புது போன், நாலு தொல்லை, நாலு காரணம்

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன்: போர்டு, அதாவது சிப்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கும் உள்பலகை, போயிருந்தது. வாரன்ட்டியில் மாற்றிக் கொடுத்தார்கள், ஒரு பைசா வாங்கவில்லை. ஆனால் போர்டுதான் என்று கண்டுபிடிக்க இவ்வளவு நாள் இழுத்ததற்குக் காரணம், அதே போனில் அதே சமயத்தில் வேறு மூன்று தொல்லைகளும் இருந்தன, அந்த மூன்றுக்கும் போர்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனால் அவர்களும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள், "சாஃப்ட்வேர் போட்டாச்சு சார், பார்த்துக்கங்க."

ஆண்ட்ராய்டு போன். கம்பெனி பெயர் வேண்டாம், இதே மாடலை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்களும் நிறைய பேர். விலை தொண்ணூறாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. கோடை தொடங்கும்போது ஆன்லைனில் வாங்கியது. கடைக்காரன் கொடுத்த மாற்றித் தரும் கெடு முடியும்வரை தங்கமாக நடந்துகொண்டு, அதற்கப்புறம்தான் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. தானாக ரீஸ்டார்ட் ஆகும், சில சமயம் பாக்கெட்டில் இருக்கும்போதே. ஒரு சிம்முக்குச் சிக்னல் திடீரென்று காணாமல் போகும், போனை அணைத்துப் போட்டால்தான் திரும்ப வரும். ராத்திரி சும்மா கிடக்கும்போதே சார்ஜ் இறங்கும். வெயிலில் வெளியே எடுத்தால் திரை மங்கி ஒன்றும் தெரியாது.

கடைசியில் சொன்னதை முதலில் தள்ளிவிடலாம், ஏனென்றால் அது கோளாறே இல்லை. வெளிச்சம் அதிகமான இடத்தில் திரை தன் பிரகாசத்தை உச்சத்துக்கு ஏற்றும், அப்படி ஏற்றினால் சூடாகும், சூடு ஓர் அளவைத் தாண்டியதும் போனே பிரகாசத்தை இறக்கிவிடும். போனோடு வரும் குறிப்புப் புத்தகத்தை யாரும் படிப்பதில்லை, படித்தால் பெரும்பாலான போன்களுக்கு 0 முதல் 35 டிகிரி வரை உள்ள சூழலில் பயன்படுத்தவும் என்று போட்டிருக்கும். சென்னையில் கத்திரி வெயிலில் நிழலிலேயே 40ஐத் தொடுகிறது, இதில் கறுப்பு கவரோடு பைக் ஹேண்டில்பாரில் மாட்டினால் அது என்னதான் செய்யும். (பைக்கில் மாட்டுவதை நானே நிறுத்திவிட்டேன், இதற்காக இல்லை, எஞ்சின் அதிர்வு கேமராவின் நடுக்கம் தடுக்கும் பாகத்தைக் கெடுக்கக்கூடும் என்று 2021இல் ஆப்பிளே தன் போன்களுக்கு எச்சரிக்கை போட்டது, அந்தப் பாகம் இப்போது எல்லாக் கம்பெனி விலை உயர்ந்த போன்களிலும் இருக்கிறது.)

சூட்டை ஊகத்தில் விடாமல் அளந்துவிடுவது நல்லது. போனில் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்ற மறைந்திருக்கும் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து, லேப்டாப்பில் ஏடிபி (லேப்டாப்பிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் மென்பொருள்) போட்டுக்கொண்டால் பேட்டரியின் நிலவரத்தைக் கேட்டு வாங்கலாம். வெப்பநிலை என்ற வரியில் 412 என்று வரும், பயந்துவிடாதீர்கள், அது பத்தில் ஒரு பங்கு டிகிரிக் கணக்கு, அதாவது 41.2. அதற்குப் பக்கத்திலேயே மின்னழுத்தம் மில்லிவோல்ட்டில் வரும். இந்த இரண்டு எண்களையும் ரீஸ்டார்ட் ஆன நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன், பின்னால் இந்த நோட்டுதான் பேசியது.

அடுத்து ராத்திரி சார்ஜ் இறங்குவது. எங்கள் வீடு அடுக்குமாடியில் நடுத்தளம், சுற்றிலும் கான்கிரீட். டயலரில் *#*#4636#*#* என்று அடித்தால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் ஒரு சோதனைப் பக்கம் திறக்கும், சில கம்பெனிகள் அதை மூடி வைத்திருக்கும், என் போனில் திறந்தது. படுக்கையறையில் சிக்னல் மைனஸ் 118 டிபிஎம் (சிக்னல் பலத்தை அளக்கும் அலகு) காட்டியது, பால்கனிக்கு வந்தால் மைனஸ் 90. மைனஸில் எண் பெரிதானால் சிக்னல் மட்டம் என்று அர்த்தம். மைனஸ் 118இல் போன் டவரோடு பேசுவதற்கு முழுப் பலத்தையும் போட வேண்டும், அதிலும் 5ஜி வந்து வந்து போகும் இடமாக இருந்தால் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ராத்திரி முழுக்கத் தாவிக்கொண்டே இருக்கும். இந்தியாவில் 2022 அக்டோபரில் 5ஜி வந்தபோது ஜியோ தனி 5ஜி வலையாகவும் ஏர்டெல் 4ஜியைத் துணைக்கு வைத்துக்கொண்டும் தொடங்கினார்கள். இரண்டாவது வகையில் போன் ஒரே சமயத்தில் 4ஜி, 5ஜி இரண்டையும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். நான் செய்தது ஒன்றுதான், நெட்வொர்க்கை 4ஜிக்கு மாற்றிவிட்டுப் படுத்தேன். பதினைந்து சதவீதம் இறங்கிக்கொண்டிருந்தது நாலைந்தாகக் குறைந்தது. போன் மேல் குற்றம் இல்லை, வீட்டுச் சுவர் மேல் குற்றம்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன், 4ஜியில் வைத்தபிறகும் ரீஸ்டார்ட் நிற்கவில்லை. ஆக அது வேறு, இது வேறு.

சிக்னல் காணாமல் போவதும் போன் கோளாறு இல்லை என்றால் நம்புவீர்களா. இரண்டு சிம்களில் எப்போதும் ஒரே எண்தான் படுத்துக்கொண்டது. தட்டை வெளியே இழுத்து சிம்களை இடம் மாற்றிப் போட்டேன்: தொல்லை இடத்தோடு நிற்காமல் சிம்மோடு போனது. அந்த சிம்மை வீட்டில் இருந்த பழைய போனில் போட்டேன், அங்கேயும் இரண்டு நாளில் "சிம் இல்லை" என்றது. அது பெரிய சிம் காலத்தில் வாங்கியது, மைக்ரோவுக்காக ஒருமுறை, நானோவுக்காக ஒருமுறை கடையில் கத்தரித்தது, செம்புத் தகடு ஓரத்தில் தேய்ந்து மங்கியிருந்தது. புது சிம் வாங்கியதும் அந்தத் தொல்லை ஒழிந்தது. சிம் மாற்றப்போகிறவர்களுக்கு ஒன்று, புது சிம் உயிர் பெற்றதிலிருந்து 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, போகாது. சிம் மோசடியைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை வைத்த விதி. ஓடிபி வேண்டிய வேலை ஏதாவது இருந்தால் முந்தின நாளே முடித்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் இருந்தது ரீஸ்டார்ட். உண்மையான வேலை இங்கேதான்.

தானாக ரீஸ்டார்ட் ஆகும் போனுக்குச் சந்தேகப் பட்டியல் பெரியது. ஏதோ ஒரு ஆப், கம்பெனியின் அப்டேட், பேட்டரி, சூடு, டவரோடு பேசுகிற மோடம், நினைவகம் (ரேம்), போர்டில் விட்டுப்போன ஓர் இணைப்பு, பவர் பட்டன் உள்ளே அழுந்திக் கிடப்பதுகூட. வெளியிலிருந்து பார்க்க எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். பழைய கதைகளைப் பார்த்தாலே போதும். 2016 ஆகஸ்டில் வந்த கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்தது பேட்டரியால். சாம்சங் முதலில் பேட்டரியை மாற்றிய போன்களைக் கொடுத்தது, அவையும் பிடித்தன, அக்டோபரில் மாடலையே மூடினார்கள். 2017 ஜனவரியில் வந்த அறிக்கையில் இரண்டு சப்ளையர்களின் பேட்டரிகளிலும் வெவ்வேறு குறை என்று தெரிந்தது, அதாவது ஒரே மாதிரி எரிந்தவற்றுக்கே காரணம் இரண்டு. 2023இல் ஐபோன் 15 ப்ரோ கொதித்தபோது பேட்டரியும் இல்லை, டைட்டேனியச் சட்டமும் இல்லை, ஐஓஎஸ் 17இல் ஒரு பிழையும் சில ஆப்களும் என்று ஆப்பிள் சொன்னது, 17.0.3 அப்டேட்டில் சரி செய்தது. 2015இல் வந்த எல்ஜி ஜி4 ரீஸ்டார்ட் சுழலில் மாட்டிக்கொண்டு திரும்பி எழாமலே போனது, அடுத்த ஜனவரியில் பாகங்களுக்கிடையே இணைப்பு தளர்வதுதான் காரணம் என்று எல்ஜி ஒப்புக்கொண்டது. மூன்றில் ஒன்றை அப்டேட்டால் தீர்க்க முடிந்தது, மற்ற இரண்டுக்கும் அப்டேட் போட்டு என்ன பயன்?

பேட்டரியை முதலில் கழித்தேன். பேட்டரி தளர்ந்திருந்தால் சார்ஜ் குறைவாக இருக்கும்போது, கேமரா போன்ற கனமான வேலை திடீரென்று கேட்கும்போது, மின்னழுத்தம் சரிந்து போன் விழும். என் நோட்டில் 80 சதவீதத்திலும் விழுந்திருக்கிறது, சார்ஜரில் மாட்டியிருக்கும்போதும் விழுந்திருக்கிறது, விழுவதற்குச் சற்று முன் பார்த்த மின்னழுத்தமும் ஒழுங்காக இருந்தது. ஆப்களைக் கழிக்க, நாம் போட்ட ஆப்கள் ஓடாத சேஃப் மோடில் ஓட்டினேன், விழுந்தது. ஃபேக்டரி ரீசெட் செய்து, ஒரு ஆப்பும் போடாமல், சிம் இரண்டையும் கழற்றி, ஏரோப்ளேன் மோடில் வைத்து கேமராவை மட்டும் ஓட்டினேன், அப்போதும் விழுந்தது. சந்தேகப் பட்டியலிலிருந்து மோடமும் போயிற்று.

இனி போனே என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டியதுதான். ஆண்ட்ராய்டு ஒவ்வொரு முறை எழும்போதும் ஏன் எழுந்தேன் என்று ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளும், பூட் ரீசன் என்று பெயர். ஏடிபி வழியாக அதைக் கேட்கலாம். நாமே ரீஸ்டார்ட் செய்திருந்தால் பயனர் கேட்டார் என்று இருக்கும், சூட்டால் அணைந்திருந்தால் தெர்மல் என்று இருக்கும், என் போனில் பெரும்பாலும் கர்னல் பேனிக் என்று இருந்தது, அதாவது ஆண்ட்ராய்டின் அடிப்படை மென்பொருளான கர்னலே தடுமாறி விழுந்திருக்கிறது. சூடு நேரடிக் காரணம் இல்லை என்பது இந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் பக் ரிப்போர்ட், அதாவது போனின் உள் பதிவுகளின் தொகுப்பு, எடுத்தேன். பெரிய ஜிப் கோப்பு வரும், உள்ளே இருக்கும் உரைக் கோப்பைத் திறந்தால் தலை சுற்றும், எல்லாவற்றையும் படிக்க வேண்டாம், போன் விழுந்த கடைசிக் கணத்தின் கர்னல் லாக் என்ற பகுதி இருந்தால் அதை மட்டும் தேடினால் போதும். எந்த இடத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது விழுந்தது என்ற வரிசை அதில் இருக்கும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. மென்பொருள் பிழை என்றால் விழுகிற இடம் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கும், ஒரே டிரைவர் (ஒரு பாகத்தை இயக்கும் மென்பொருள்), ஒரே வரி. என் லாக்குகளை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒருமுறை கோப்பு முறைமையில், ஒருமுறை வைஃபை டிரைவரில், ஒருமுறை திரைக்கு வரைகிற இடத்தில், இன்னொருமுறை சும்மா நினைவகத்தைக் காலி செய்கிற இடத்தில். இத்தனை பேரும் ஒரே போனில் சொல்லிவைத்தாற்போல் தப்பு செய்ய மாட்டார்கள். எல்லாருக்கும் பொதுவாக இருப்பது நினைவகம், அவர்கள் எழுதி வைத்த எண் திரும்பப் படிக்கும்போது வேறாக இருக்கிறது.

ஊகத்தை நிரூபிக்க ஒரு சின்னச் சோதனை போதும், லேப்டாப் வைத்திருக்கிற யாரும் செய்யலாம். ஒரு பெரிய கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள், போனின் ரேமை விடப் பெரியதாக இருந்தால் நல்லது, அப்போதுதான் ஒவ்வொரு முறையும் ஸ்டோரேஜிலிருந்து புதிதாகப் படிக்கும். என்னிடம் ஒரு கல்யாண வீடியோ இருந்தது, சித்தப்பா வீட்டுக் கல்யாணம், யாரும் முழுசாகப் பார்க்காத வீடியோ, ஒருவழியாக உபயோகப்பட்டது. லேப்டாப்பில் அதற்கு ஷா-256 ஹாஷ் (கோப்பின் கைரேகை மாதிரி) எடுத்தால் 64 எழுத்தில் ஒரு வரி வரும், கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த வரி முழுக்க மாறிவிடும். கோப்பைப் போனுக்குள் போட்டு, ஏடிபி வழியாகப் போனுக்குள்ளேயே அதே ஹாஷைத் திரும்பத் திரும்ப எடுக்கச் சொல்லி ஒரு சின்ன லூப் ஓட்டினேன்.

ஏசி அறையில் எல்லா வரியும் ஒன்றாகவே வந்தது. அப்புறம் கேமராவில் 4கே வீடியோவைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பேட்டரி 42 டிகிரியைத் தொட்டதும் மறுபடி லூப். மேலிருந்து கீழே 9சி என்று தொடங்குகிற அதே வரி, அதே வரி, அதே வரி, திடீரென்று நடுவில் ஒரு வரி இ4 என்று தொடங்கியது, அதற்குக் கீழே மறுபடி 9சி. கோப்பு மாறவில்லை, மாறியிருந்தால் திரும்ப 9சி வராது. படித்த எண்தான் வழியில் மாறியிருக்கிறது. அதற்குப் பிறகு யார் வந்து சாஃப்ட்வேர் என்று சொன்னாலும் நான் கேட்பதாக இல்லை.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத் தெருவான ரிச்சி தெருவில் எனக்குத் தெரிந்த ஒரு போர்டு மெக்கானிக் இருக்கிறார், கடை என்று சொல்ல முடியாது, மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஹாட் ஏர், ஒரு பவர் சப்ளை. ஆனால் ஐசி (சிப்) வேலையில் அவர் கைதான் கை. லேப்டாப்போடு போய் லாக்கைக் காட்டினேன். அவர் லாக்கைப் பார்க்கவே இல்லை, போனை வாங்கி, லூப் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கம் கேமராவுக்குக் கொஞ்சம் கீழே கட்டை விரலால் அழுத்திப் பிடித்தார். போன் அப்படியே உறைந்து, கொஞ்ச நேரத்தில் கம்பெனி லோகோ வந்தது.

"சிபியூ மேல ரேம் உட்கார்ந்திருக்குல்ல, அந்த பால் எங்கியோ விட்டிருக்குண்ணா. பிரிச்சா நான் ரீபால் பண்ணிடுவேன். ஆனா வாரன்ட்டில இருக்கிற போனை எங்கிட்ட கொண்டாராதீங்க. நான் தொட்டா கம்பெனிக்காரன் தொடமாட்டான்."

அவர் சொன்னதை விளக்கிவிடுகிறேன். விலை உயர்ந்த ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் பிராசசர் சிப்பின் மேலேயே ரேம் சிப்பை அடுக்கி ஒட்டியிருப்பார்கள், இடம் மிச்சம், வேகமும் அதிகம். இரண்டுக்கும் நடுவில் நூற்றுக்கணக்கில் பொடிப்பொடியாக ஈயமில்லாத சால்டர் உருண்டைகள், அவற்றைத்தான் பால் என்கிறார்கள், அவற்றைப் புதிதாக வைப்பது ரீபால். அந்த சால்டர் உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும், பழைய ஈய சால்டர் 183இலேயே உருகிவிடும். புதியது கொஞ்சம் விறைப்பானது. போன் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, கீழே விழுந்து, பேன்ட் பாக்கெட்டில் வளைந்து என்று போகும்போது சரியாகப் பிடிக்காத ஓர் உருண்டையில் கீறல் விடும். கீறல் விட்டாலும் தொட்டுக்கொண்டுதான் இருக்கும், சூட்டில் பலகை விரியும்போதோ அழுத்தும்போதோ மட்டும் ஒரு கணம் விலகும். அதனால்தான் ஏசி அறையில் நல்ல பிள்ளையாக இருந்தது. கூகுளின் நெக்ஸஸ் 5எக்ஸ், 6பி போன்கள் இப்படி ரீஸ்டார்ட் சுழலில் விழுந்தபோது பிராசசரின் பெரிய கோர்களை அணைத்துவிட்டுச் சின்ன கோர்களில் மட்டும் ஓடுகிற மாதிரி மாற்றிய மென்பொருளை ஆர்வலர்கள் 2017இல் போட்டு எழுப்பினார்கள், பாதி வேகத்திலாவது உள்ளே இருந்த போட்டோக்களை எடுக்க முடிந்தது. என் போன் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை, அதுவரைக்கும் அதிர்ஷ்டம்.

போட்டோ என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், இது எனக்கே அப்போதுதான் உறைத்தது. ரேம் தப்பாகப் படிக்கிறது என்றால் எழுதுவதும் தப்பாகத்தான் இருக்கும். கேலரியில் போய் மெதுவாகப் பார்த்தால் அக்கா பெண்ணின் நிச்சயதார்த்தப் படங்களில் சில பாதிக்கு மேல் ஒழுங்காக, அதற்குக் கீழே இளஞ்சிவப்புக் கோடு ஒன்று, கோட்டுக்குக் கீழே முழுக்கச் சாம்பல். சின்னப் படமாகப் பார்க்கும்போது சரியாகத் தெரியும், பெரிதாக்கினால்தான் குட்டு வெளிப்படும். கிளவுடிலும் அதே கெட்ட படம்தான் போய்ச் சேர்ந்திருந்தது. பேக்கப் எடுக்கும்போதும் இதே ஆபத்து உண்டு என்பதால், போனை ஏசிக்கு நேரே வைத்து, கவரைக் கழற்றி, ஒரு தடவை லேப்டாப்புக்கு நகலெடுத்தபின் இரண்டு பக்கத்து ஹாஷும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, ஒத்துப்போகாதவற்றை மட்டும் மறுபடி எடுத்தேன். போர்டு மாறினால் உள்ளே இருப்பது மொத்தமும் போய்விடும், ஸ்டோரேஜ் சிப்பைப் பிரித்து வேறு போர்டில் வைத்தாலும் பயனில்லை, தகவல் பூட்டப்பட்டிருக்கும் சாவி அந்த பிராசசருக்குள்ளேயே இருக்கிறது.

இப்போது சர்வீஸ் சென்டர். ரீஸ்டார்ட்டுக்காக முன்பே அங்கே போயிருந்தேன், அப்போது அவர்களுடைய டயக்னாஸ்டிக் ஆப்பை ஓட்டி வரிசையாகப் பச்சை டிக் காட்டி, சாஃப்ட்வேரை மறுபடி ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அவர்களையும் முழுசாகக் குறை சொல்ல முடியாது, அந்தச் சோதனை சில நிமிஷத்தில் முடிந்துவிடும், அவர்கள் ஹாலும் ஏசியில் குளிர்ந்து கிடக்கிறது, அந்தக் குளிரில் என் வீட்டிலும் போன் ஒழுங்காகத்தானே இருந்தது. கவுண்டர் பையன் ஜாப் ஷீட்டில் குறை என்ற இடத்தில் "ஹேங் ஆகிறது" என்று எழுதி வைத்திருந்தான். ஹேங் என்று எழுதினால் சாஃப்ட்வேர் வேலை, அவ்வளவுதான்.

இந்தத் தடவை லேப்டாப்போடு போனேன். டோக்கன் வரும்வரை கேமராவை ஓடவிட்டபடியே காத்திருந்தேன்.

"தம்பி, குறைங்கிற இடத்துல தானா ரீஸ்டார்ட் ஆகுது, டேட்டா கெட்டுப்போகுதுன்னு எழுதுங்க. ரீசெட் பண்ணப்புறமும் வருதுன்னும் சேர்த்து எழுதுங்க."

"சார், எங்க டெஸ்ட்ல எல்லாம் பாஸ் ஆகுதே."

"சூடா இருக்கும்போது பாஸ் ஆகுதான்னு பார்த்துடலாமா?"

மேசை மேலேயே லூப்பை ஓட்டினேன். 9சி வரிகளுக்கு நடுவில் வேறு ஒன்று வந்தபோது அவனுக்குப் பெரிதாக ஒன்றும் புரியவில்லை, ஆனால் உள்ளே போய் மூத்த டெக்னீஷியனைக் கூட்டிவந்தான். அவர் நோட்டைப் புரட்டினார், கர்னல் லாக்கைக் கேட்டார், கேட்டதும் எனக்குப் பாதி நிம்மதி. லாக்கைக் கேட்கிற ஆளிடம் சண்டை போட வேண்டியதில்லை. விரலால் அழுத்திக் காட்டட்டுமா என்றேன், அவசரமாக வேண்டாம் என்றார். போர்டு ஆர்டர் போட்டு வந்ததும் கூப்பிடுவதாகச் சொல்லி ஜாப் ஷீட்டைத் திருத்தி எழுதிக் கொடுத்தார்.

இப்படி நடக்காமல் இழுத்தடித்தால் என்ன செய்வது என்றும் பார்த்து வைத்திருந்தேன், தேவைப்படவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம், 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், கம்பெனி தலைமையகம் இருக்கிற ஊருக்குப் போக வேண்டியதில்லை, ஐந்து லட்சம் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. அங்கே போனாலும் கையில் இருக்க வேண்டியது அதே ஜாப் ஷீட்கள்தான், அதனால் ஒவ்வொரு முறையும் குறையை நம் வாயால் சொல்லி நம் கண் முன்னால் எழுதவைத்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். "நோ ப்ராப்ளம் ஃபவுண்ட்" என்று எழுதிய ஷீட்டையும் தூக்கிப் போடாதீர்கள், ஒரே குறைக்காக எத்தனை முறை போனோம் என்பதற்கு அதுதான் சாட்சி.

போர்டு மாறி வந்ததும் வேலை முடியவில்லை. போனின் தனி அடையாளமான ஐஎம்ஈஐ எண் போர்டோடு போகிற சமாசாரம், *#06# அடித்துப் பார்த்தால் பெட்டியிலும் பில்லிலும் இருக்கிற எண் இல்லை, வேறு. பழைய எண், புது எண் இரண்டும் ஜாப் ஷீட்டில் இருக்கிறதா என்று பார்த்து, கம்பெனி முத்திரையோடு வாங்கிக்கொண்டேன். நாளைக்கு போன் தொலைந்தால் போலீஸ் புகாருக்கும், இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் அவர்களுக்கும் இது இல்லாமல் நடக்காது. புது எண் ஒழுங்கானதுதானா என்று பார்க்க, கேஒய்எம் என்ற மூன்று எழுத்தை ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு ஐஎம்ஈஐ எண்ணையும் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் என்ன மாடல், என்ன நிலை என்று பதில் வரும். போர்டு பழைய சரக்கா புதுசா என்று அதில் தெரியாது, ஆனால் தடை செய்யப்பட்ட எண் இல்லை என்றாவது தெரியும்.

அப்புறம் இசிம், அதாவது தனி அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே இருக்கும் சிம். அதற்கான சிப்பும் பழைய போர்டிலேயே போய்விட்டது, சிம் கம்பெனியிடம் மறுபடி கேட்டு வாங்க வேண்டியிருக்கும், நான் பிளாஸ்டிக் சிம் வைத்திருந்ததால் தப்பித்தேன். யுபிஐ ஆப்களுக்கு இது புது போன்தான், எல்லா வங்கிக் கணக்கையும் மறுபடி பதிய வேண்டும், முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப விடாது, மாத முதல் தேதி வாடகை கட்டுகிறவர்கள் தேதி பார்த்து சர்வீஸ் சென்டரிலிருந்து போனை வாங்கப் போங்கள். ஓடிபி உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் ஆப்பை மட்டும் போன் கொடுக்கும் முன்பே வேறு போனுக்கு மாற்றி வைத்துவிடுங்கள், அதை மறந்தால் ஒவ்வொரு தளத்துக்கும் போய்க் கதவைத் தட்ட வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதே கல்யாண வீடியோ, அதே லூப், 4கே ஓட்டி 43 டிகிரி வரைக்கும் ஏற்றி. ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். எல்லாம் 9சி.

விரல் ரேகை மட்டும் வேலை செய்யவில்லை. பத்துத் தடவை வைத்தால் ஒரு தடவை திறந்தது. நல்லவேளை, இந்த முறை காரணம் தேட அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை: திரைக்கு அடியில் இருக்கிற ரேகை சென்சாரை, போர்டோ திரையோ மாற்றினால் அந்தக் கம்பெனியின் கருவியை மேலே வைத்து மறுபடி அளவீடு செய்ய வேண்டும், அதை யாரோ விட்டிருக்கிறார்கள். திரும்பப் போனபோது அதே மூத்த டெக்னீஷியன்தான் இருந்தார். போனைக் கையில் வாங்கும் முன்பே, "லேப்டாப் கொண்டாந்திருக்கீங்களா சார்?" என்றார். இல்லை, வெறும் விரல்தான் என்றேன். கண்ணாடியைத் துடைத்து ரப்பர் மாதிரி ஒன்றை சென்சார் மேல் வைத்து, கம்ப்யூட்டரில் இரண்டு தட்டுத் தட்டி முடித்தார். அப்படியே பின்மூடிக்குப் புது ஒட்டுப் பசை போட்டீர்களா, தண்ணீர் தாங்குமா என்று கேட்டேன். பசை புதுசுதான் சார், ஆனால் தண்ணீருக்கு இனிமேல் நாங்கள் கேரன்ட்டி சொல்ல மாட்டோம் என்றார். அதையும் ஜாப் ஷீட்டில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி வந்திருக்கிறேன்.